வாணியின் இடது கால்

மைதானத்து ஸ்டாப்தானுங்களே? நிம்மதியா உட்காருங்க. வெள்ளோடு தாண்டினதும் ஒரு பெட்ரோல் பங்க் வரும், அதுக்கு அடுத்தது. நான் சொல்றேன். நானும் அங்கேதான் டிக்கெட் எடுத்திருக்கிறேன்.

முன் சீட்டில் பையை மடியில் வெச்சுட்டு உட்கார்ந்திருக்கிறது உங்க பாப்பாதானே? கபடியா? ஓ, ஓட்டமா. சரி சரி. பயிற்சிக்குப் பியூலா மேடத்துகிட்டச் சேர்க்கப் போறீங்க. எப்படித் தெரியும்னு பார்க்காதீங்க. இந்த ரூட்டில் விளையாட்டுப் பையோட ஒரு பிள்ளையும், அதுக்குக் காவலா ஒரு தகப்பனும் ஏறினா வேற எங்கே போகப் போறாங்க?

என் மகளும் அங்கேதான் இருக்கிறாள். கோகிலவாணி. வாணின்னு கூப்பிடுவோம். கபடி ஆடறவ. இடது முட்டியில் ஆபரேஷன் ஆகி, மேடம்தான் கூட வெச்சுத் தேத்திட்டு இருக்காங்க. மறுபடி ஆடுவாளா மாட்டாளா, அதுதான் எனக்குத் தெரிய வேண்டியது. அதுக்குத்தான் வாராவாரம் இந்த பஸ். அவ என்கிட்டப் பேசறதில்லை. அது வேற கதை. இல்லை, அதே கதைதான்.

என் பேர் நாச்சிமுத்துங்க. மாட்டுத் தரகு. கண்ணபுரம், அந்தியூர்னு எந்தச் சந்தையில் வேணாலும் கேட்டுப் பாருங்க. கோவக்காரன்னு சொல்லுவாங்க, அது நிஜம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் காதைத் திருகினார், நான் அவர் கையைக் கடிச்சேன், படிப்பு அதோட முடிஞ்சது. மிச்சத்தைச் சந்தை சொல்லிக் குடுத்தது. சந்தை எப்படிச் சொல்லிக் குடுக்கும் தெரியுங்களா? முதல்ல ஏமாத்தும். நொண்டி மாட்டை நம்ம தலையில் கட்டி விடும். அதைப் பிடிச்சுட்டு ஊர் சிரிக்க வீடு வரைக்கும் நடக்கணும். அப்படி நடந்தவனுக்கு அதுக்கப்புறம் எந்த மாட்டையும் பின்னாடி நின்னு கொஞ்சம் பார்த்தாப் போதும். எந்தக் கால் பிந்துது, எந்தத் தொடை வத்தியிருக்குதுன்னு கண்ணே சொல்லிடும்.

அதனால வாணி காலை மேடத்துக்கு முன்னாடியே நான் பார்த்துட்டேனுங்க. இதை நீங்க மனசில் வெச்சுக்கணும். எல்லாரும் எனக்கு என்னமோ விவரம் பத்தாத மாதிரிப் பேசறாங்க. அவ செருப்பில் இடதுக்கு மட்டும் உள் ஓரம் தேயும். வாசப்படி இறங்கும்போது இடது கால் ஒரு துளி பிந்தி விழும். வேற யாருக்கும் கேட்காது. எனக்குக் கேட்கும். கேட்டா என்ன? அந்தக் காலை வெச்சுட்டுத்தானே ஜெயிச்சுட்டு இருந்தா! அப்படிக் கால் இருந்த எருதுகளை எத்தனையோ பேருக்கு வாங்கிக் குடுத்திருக்கேன். உழுதுதுங்களே! வண்டி இழுத்துதுங்களே!

ரெய்டு போனாள்னா வலது கால் சாட்டை மாதிரிங்க. எங்கேயோ பார்த்துட்டுப் போவா. எதிர் டீம் பொண்ணு அசந்த நேரம் பார்த்து ஒரு வீச்சு. தொட்டது தெரியறதுக்குள்ள நடுக்கோட்டுக்கு வந்திருப்பா. "நாச்சிமுத்து வீட்டுக் காளை வருதுடி, தள்ளி நில்லு"ன்னு எதிர்ப் பக்கத்துப் பிள்ளைகளே சொல்லுவாங்க. எனக்கு அப்படியே உச்சி குளுந்து போகும்.

மேடம் நாகர்கோவில் பக்கம். என்னை அண்ணாச்சிம்பாங்க. சென்னிமலையில் ஒரு போட்டி, வாணி கோப்பை வாங்கிட்டு வந்த கையோட கூப்பிட்டாங்க. பாராட்டத்தான் போறாங்கன்னு நானும் துண்டை உதறித் தோளில் போட்டுட்டுப் போனேன். அங்கே ஒரு மரப்பெஞ்சு கிடந்தது. "இதுல ஏறி ஒத்தக் கால்ல நில்லும்மா. நிக்கிற காலை மடக்கி மறு காலை மெதுவா தரையில வை"ன்னாங்க. வலது காலில் நின்னு இறங்கினா, ஒழுங்கா இறங்கினா. இடது காலில் நின்னா. முட்டி உள் பக்கமா சாஞ்சது பாருங்க. குழி பத்தாம நட்ட பந்தக்கால் சாயற மாதிரி.

"பாத்தீங்களா அண்ணாச்சி?"

"பார்த்தேன். அதுக்கென்ன?"

"இவ வலது கால் பலத்துல ஜெயிச்சுட்டு இருக்கா. ஆனா அது உதைக்கிற நேரத்துல உடம்பைத் தாங்குறது இடது காலாக்கும். அந்தப் பக்கம் இடுப்புத் தசையும் பின்தொடையும் சும்மா கிடக்கு. எல்லாப் பாரத்தையும் முட்டி ஒண்ணு வாங்குது. ஒரு நாள் அது கையை விரிச்சிரும்."

"அதுக்கு என்ன பண்ணச் சொல்றீங்க?"

"ஆறு மாசம் ரெய்டு வேண்டாம். அடியில இருந்து கட்டிட்டு வரணும்."

ஆறு மாசம்! ஸ்டேட் டீமுக்கு ஆள் எடுக்கிற நேரம் நெருங்கிட்டு இருக்குது. அந்த டீமில் நின்னுட்டா வேலை தேடி வரும், பேர் வரும், "மாட்டுத் தரகன் மக"ங்கறது போய் "வாணியோட அப்பன்"னு ஆகும். நான் என்ன கேட்கக் கூடாததையா கேட்டேன்? ஆறுன்னு ஒருத்தர் சொன்னா ஒண்ணரையில் ஆரம்பிக்கறதுதான் முறை. ஒண்ணரைன்னேன். ஆறுன்னாங்க. சரி ரெண்டு. ஆறு. போகட்டும், மூணு. அதுக்கும் ஆறு. விலை சொன்னவங்க ஒரு இம்மி இறங்காம நின்னா எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிடுமுங்க. "என்ன மேடம், கவர்மெண்ட் ஆர்டரா போடறீங்க?"ன்னு கத்திட்டேன். கிரவுண்டே திரும்பிப் பார்த்தது. அந்தம்மா கத்தலை.

"நீங்க என்கிட்டப் பேசுங்க அண்ணாச்சி, நான் கேக்கேன். அவ தசைக்குக் காது கிடையாதுல்லா?"

இதெல்லாம் ஒரு பேச்சுங்களா?

அப்புறம் என்ன செய்ய வெச்சாங்க தெரியுங்களா? மல்லாக்கப் படுத்து இடுப்பைத் தூக்கி நிறுத்து. கண்ணை மூடிட்டுக் கொக்காட்டம் ஒத்தைக் காலில் நில். முட்டிக்கு மேலே ரெண்டு காலுக்கும் சேர்த்து ஒரு ரப்பர் பட்டையை மாட்டிட்டு, நண்டு மாதிரி பக்கவாட்டில் நட. சின்னப் பலகையிலிருந்து குதி, சத்தம் வராம தரையைத் தொடு. நாலு பேரை இழுத்துட்டு வந்து கோட்டைத் தொடற பொண்ணு, எங்க மாட்டுக் கொட்டகை சிமெண்ட் தரையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நண்டு நடை நடந்துட்டு இருந்தா. பக்கத்துத் தோட்டத்துக்காரன் வேலி மேலே எட்டிப் பார்த்து, "ஏனுங் மாமா, அம்முணிக்கு வாயுப் பிடிப்புங்களா?"ன்னு கேட்டான். கல்லை எடுத்துட்டேன். சரசு, என் சம்சாரம், வந்து கையைப் பிடிச்சுட்டா.

ஒண்ணு ஒத்துக்கணும். நல்லாத்தான் வந்துட்டு இருந்தது. ஆரம்பத்தில் இடது காலில் நின்னா உடனே ஆடுவா. போகப் போக நின்னா. சிரிச்சுட்டே நின்னா. "அப்பா, பாருங்க, இடுப்புல இங்க வேலை செய்யுது, தொட்டாத் தெரியுது"ம்பா. அப்போதான் செலக்ஷன் தேதி வந்தது. அடுத்த மாசம்.

உங்களுக்குச் சந்தைப் பழக்கம் இருக்குதோ இல்லையோ, சொல்லிடறேன். மாட்டு விலையை நாங்க வாயால பேசமாட்டோம். துண்டைப் போட்டுக் கையை மூடிட்டு, உள்ளே விரலைப் பிடிச்சுத்தான் பேச்சு. சுத்தி நூறு பேர் நிப்பாங்க, ஒருத்தனுக்கும் தெரியாது. வாணி சின்னதிலேயே இதைக் கத்துக்கிட்டா. மிட்டாய்க்குத் துண்டு, சைக்கிளுக்குத் துண்டு, சினிமாவுக்குத் துண்டு. எங்களுக்குள்ள அது ஒரு விளையாட்டுங்க. சரசு திட்டுவா, நாங்க சிரிப்போம்.

அன்னிக்கும் அப்படித்தான். மத்தியானம். பட்டையைக் கழட்டிட்டுக் கொட்டகைத் திட்டில் உட்கார்ந்திருந்தா. பக்கத்தில் போய் உட்கார்ந்து துண்டைப் போட்டேன். "வா அம்முணி, பேசுவோம்." அவ சிரிக்கலை. ஆனா கையைக் குடுத்தா. அஞ்சு விரலையும் விரிச்சு என் கையில் வெச்சா. இன்னும் அஞ்சு மாசம் வேணும்கறா. நான் அவ சுண்டு விரலை மடக்கினேன். அடுத்த விரலை மடக்கினேன். தப்பா நினைக்காதீங்க, சந்தையில் அது வழக்கம்தான். எதிராளி விரலை மடக்கித்தான் குறைப்போம். பிடிக்கலைன்னா அவன் வெடுக்குன்னு கையை இழுத்துக்குவான். இழுக்கலைன்னா வியாபாரம் முடிஞ்சதுன்னு அர்த்தம். மடக்கிட்டே வந்தேன். கடைசியில் ஒரு விரல் நின்னது, ஒரு மாசம். வெயில் அப்படிக் கொளுத்துது, அவ கை மட்டும் சில்லுன்னு, கிணத்துக்குள்ள விட்டு எடுத்த மாதிரி இருந்தது.

"அப்பா."

"என்ன?"

"மேடம்..."

"மேடத்துக்கு நீ இல்லைன்னா இன்னொருத்தி. செலக்ஷன் உனக்கு ஒரு தடவைதான்."

துண்டை எடுத்தேன். இழுக்கலையேங்க அவ! நீங்களே சொல்லுங்க. கையை இழுக்காதவங்க சம்மதிச்சவங்கதானே? நான் என்ன, கட்டியா போட்டு வெச்சிருந்தேன்?

என்னங்க, ஜன்னலைப் பார்க்கறீங்க. சரி, விடுங்க.

செலக்ஷனுக்கு வெளியூர் ஸ்டேடியம். நானும் கூடப் போனேன். ஒண்ணு மட்டும் சொல்லி உள்ளே அனுப்பினேன். "செலக்டருங்க முன்னாடி சிமெண்ட் தரையில் நடக்காதே. மேட் விரிச்ச இடத்தில் மட்டும் ஓடு." கெட்டித் தரையில்தாங்க கால் காட்டிக் குடுக்கும். புழுதியில் நடத்தினா எந்த மாடும் நல்ல மாடுதான். இந்த நுணுக்கத்தை நான் என் கூட்டாளிக்குக்கூடச் சொன்னதில்லை. மகளாச்சேன்னு சொன்னேன்.

அருமையா ஆடினா. போன ரெய்டெல்லாம் பாயிண்ட். செலக்டர் ஒருத்தர் பக்கத்து ஆள்கிட்டக் குனிஞ்சு என்னமோ சொல்லிட்டு அவளைக் காட்டினார். எனக்குப் புரிஞ்சுபோச்சு, வியாபாரம் படிஞ்சதுன்னு. கடைசி ரெய்டு. வலது காலை வீசினா. பட்டுது. எதிர் டீம் பொண்ணு அவுட்னு கையைத் தூக்கிட்டா. இவ திரும்பினா.

யாரும் தொடலைங்க. அதைத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்றேன். ஒருத்தரும் அவளைத் தொடலை. இடது கால் மேட் மேலே ஊனி நின்னது, உடம்பு திரும்புச்சு, முட்டி மட்டும் கூட வரலை. காய்ஞ்ச தென்னம்பாளையை ஒடிச்ச மாதிரி ஒரு சத்தம். அவ்வளவு கூட்டம் கத்திட்டு இருக்குது, எனக்கு அது கேட்டது.

விழுந்துட்டா. கோடு பக்கத்தில்தான் இருக்குது. நான் விட்டேன் பாருங்க ஒரு சத்தம். "எந்திரி அம்முணி! கோட்டைத் தொடு!" எழ முடியலை. தவழ்ந்து வந்தா. அந்தக் காலை இழுத்துட்டே வந்து தொட்டுட்டா. பாயிண்ட் குடுத்தாங்க. அதை யாரும் இல்லைன்னு சொல்ல முடியாது. அந்த பாயிண்ட் அவ பேரில் இருக்குது.

ஆனா ஒண்ணுங்க. தவழ்ந்து வரும்போது அவ கோட்டைப் பார்க்கலை. என்னைப் பார்த்துட்டே வந்தா. கை நீட்டித் தொடற வரைக்கும் என்னையே பார்த்துட்டு வந்தா.

மேட் சரியில்லைங்க. ஒட்டுப் போட்ட இடம். ஷூவும் புதுசு. டாக்டர் என்னமோ "முன்கூட்டியே பயிற்சியை முடிச்சிருந்தா"ன்னு ஆரம்பிச்சார். "நீங்க அறுக்கறதை மட்டும் பாருங்க"ன்னு வாயை அடைச்சுட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிட்டு வர கார் பேசி நிறுத்தியிருந்தேன். நான் பணம் கட்டற இடத்தில் நின்னுட்டு வரதுக்குள்ள டிரைவர்கிட்ட அவ வேற வழி சொல்லியிருக்கா. வண்டி மேடம் வீட்டு வாசலில் போய் நின்னுருக்குது.

அதிலிருந்து அங்கேதான். சரசு தூக்குப் போசியில் சோறு எடுத்துட்டுப் போய்ட்டு வருவா. வந்ததும் கேட்பேன்.

"என்ன சொன்னா?"

"சாப்பிட்டா."

"கால் எப்படி இருக்குது?"

"சாப்பிட்டா."

"என்னைப் பத்தி ஏதாச்சும்?"

அதுக்கும் "சாப்பிட்டா"ம்பா. போசியைக் கழுவிக் கவுத்து வெச்சுட்டுப் படுத்துக்குவா. சரசு மேலே கை நீட்டலாம்னு கோவம் வரும். கை எழாது.

எனக்கு வீட்டில் இருக்க முடியறதில்லைங்க. மத்தியானம் ஆனாக் கொட்டகையிலிருந்து அந்த ரப்பர் பட்டை இழுபடற சத்தம் வருது. நரநரன்னு. அப்புறம் சிமெண்டில் பக்கவாட்டா ஒரு கால், அப்புறம் ஒரு கால். போய்ப் பார்த்தா மாடு அசை போட்டுட்டு நிக்குது. "உனக்குக் கேட்குதா?"ன்னு சரசைக் கேட்டேன். "எனக்கு அவ பேசினது கேட்குது"ங்கறா. என்ன பேசினான்னு கேட்டாச் சொல்ல மாட்டேங்கறா.

சரி, சந்தைக்காவது போவோம்னு போனேன். அங்கே அதைவிட மோசம். எந்த மாட்டை நடத்தினாலும் இடது கால் பிந்துது. எல்லா மாட்டுக்கும்! நிஜமாத்தாங்க. ஒரு ஜோடி, செதுக்கி வெச்ச மாதிரி ஜோடி, பார்க்கறவன் கண்ணே பட்டுடும். நான் பின்னாடி நின்னு, "வேண்டாம், இடது கால் போகப் போகுது"ன்னுட்டேன். மாட்டுக்காரன் சண்டைக்கு வந்துட்டான். சட்டையைப் பிடிச்சான், நானும் பிடிச்சேன். கூட்டாளிங்க விலக்கி விட்டுட்டு, "நாச்சிமுத்தண்ணா, கொஞ்ச நாள் ஓய்வா இருங்க"ன்னாங்க. எனக்கு! இந்தச் சந்தையில் கால் பார்க்கச் சொல்லிக் குடுத்ததே நான்தான். இப்போ எனக்குக் கண்ணு கெட்டுப்போச்சாம்.

அப்புறம்தான் இந்த பஸ். மைதானத்துக்குப் பின்னாடி ஒரு சுவர் இருக்குதுங்க. அதுக்கு இந்தப் பக்கம் வாய்க்கால். அங்கே நின்னா ஒண்ணும் தெரியாது, எல்லாம் கேட்கும். மேடம் அவளை மறுபடி அடியிலிருந்து ஆரம்பிச்சிருந்தாங்க. அதே இடுப்புத் தூக்கல், அதே நண்டு நடை. எத்தனையோ வாரம் நான் அந்தச் சுவரில் காதை வெச்சு நின்னிருக்கேன். பலகையிலிருந்து இறங்கறப்போ ரெண்டு சத்தம் வரும், ஒண்ணு முன்னே, ஒண்ணு பின்னே. வாரம் போகப் போக ரெண்டும் நெருங்குச்சு. ஒரு நாள், உங்ககிட்ட எப்படிச் சொல்றது, ஒரே சத்தம். பஞ்சு விழற மாதிரி. மறுபடி ஒண்ணு. அதுவும் அப்படியே. நான் வாய்க்கால் கரையிலேயே உட்கார்ந்துட்டேன் போங்க.

அப்போ மேடம் உள்ளே சொல்றாங்க, "இன்னைக்கு இந்த உயரம் போதும், வாணி."

நான் சும்மா இருந்திருக்கலாம்கறீங்களா? ஒரு தகப்பன் உற்சாகப்படுத்தக் கூடாதா? எந்திரிச்சு, இருக்கிற சத்தத்தையெல்லாம் கூட்டி, "ஏத்துங்க மேடம்! இன்னும் உசரம் வெய்யுங்க! அவ தாங்குவா!"ன்னேன்.

உள்ளே ஒருத்தர் நடந்து போற சத்தம். டப்... டப். முன்னே ஒண்ணு, பின்னே ஒண்ணு.

மேடம் சுத்திட்டு வாய்க்கால் பக்கம் வந்தாங்க. அவங்களுக்கு மூச்சு வாங்குச்சு.

"அண்ணாச்சி, இனி வராதீங்க."

"நான் என்ன பண்ணினேன்?"

"உங்க குரல் கேட்டதும் முட்டி உள்ள சாஞ்சுட்டு. எத்தனை மாசமா ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிட்டு வந்தா தெரியுமா?"

"குரலுக்கும் முட்டிக்கும் என்னங்க மேடம் சம்பந்தம்? அன்னிக்கு நீங்கதானே தசைக்குக் காது இல்லைன்னீங்க!"

மடக்கிட்டேன் பாருங்க! பேச்சில் என்னை ஜெயிக்க முடியுமா? ஆனா அவங்க முகத்தைப் பார்த்தா ஜெயிச்ச மாதிரி இல்லை. நான்தான் இறங்கி வந்தேன்.

"சரி. எத்தனை வாரம் வராம இருக்கணும்?"

"அவ கூப்பிடுற வரைக்கும்."

"அதுதான் எத்தனை?"

"அவ கூப்பிடுற வரைக்கும், அண்ணாச்சி."

எத்தனையோ பேரத்தில் உட்கார்ந்திருக்கேனுங்க. அநியாய விலை சொன்னவன் உண்டு, சொன்ன விலையை மாத்தினவன் உண்டு. எண்ணே இல்லாம விலை சொன்னவங்களை நான் பார்த்ததில்லை. அதில் எதைக் குறைக்கறது? எதை மடக்கறது? வீட்டுக்கு வந்து யோசிச்சேன், சந்தையில் நின்னு யோசிச்சேன். பிடி கிடைக்கலை.

அதோ, பங்க் வந்துருச்சு. பாப்பாவைக் கூப்பிடுங்க, தூங்கிட்டு இருக்குது. மேடம் நல்லவங்கதான், பயப்படாதீங்க. முதல்ல பெஞ்சு மேலே ஏத்தி இறக்கிப் பார்ப்பாங்க. அப்புறம் உங்களுக்கும் ஒரு கணக்குச் சொல்லுவாங்க, இத்தனை மாசம்னு. சொன்னா நீங்க... என்ன சொல்ல வந்தேன்? இறங்குங்க இறங்குங்க, டிரைவர் ரொம்ப நேரம் நிறுத்த மாட்டான். படி உசரம், பாப்பா கையைப் பிடிச்சுக்குங்க.

நானா? நான் இறங்கலைங்க. ஈரோட்டில் ஒரு ஆளைப் பார்க்கணும். போன வாரமும் அப்படித்தான், இங்கே டிக்கெட் எடுத்தேன், ஆளைப் பார்க்கணும்னு நினைப்பு வந்தது, போய்ட்டேன். அதுக்கு முந்தின வாரமும். நீங்க போய்ட்டு வாங்க.

வாப்பா கண்டக்டர். தெரியும், இதான் என் ஸ்டாப். ஈரோட்டுக்கு ஒண்ணு கிழி. மீதி கிடக்கட்டும், அப்புறம் குடு. இந்தா, விசிலை வாயிலிருந்து எடு கண்ணு. ஊதாதே. மைதானத்துச் சுவர் தாண்டற வரைக்கும் ஊதாதே. பலகை மேலே நின்னுட்டு இருப்பா.